பூட்டு சாரும் திறந்து கிடந்த திரையும்

தும்மல் வருகிறது என்று தெரிந்தால் பூட்டு சார் கைக்குட்டையைத் தேடுவதில்லை. முதலில் கீபோர்டில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கித் திரையைப் பூட்டுவார். அப்புறம்தான் தும்மல். "கண்ணை மூடுற நேரம் போதும், எவனாச்சும் உள்ள பூந்துடுவான்" என்பார். அந்த ஸ்கேன் சென்டரின் பின்னறையில் அவரைத் தவிர இருப்பது ஒரு சர்வரும் ஒரு பல்லியும்தான்.

அங்குள்ள கம்ப்யூட்டர்களில் யார் எதைத் திறக்கலாம், யார் திருத்தலாம், யார் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. யார் என்ன கேட்டுப் போனாலும் மூன்று கேள்விகள் வரும்: "எதுக்கு வேணும்? எத்தனை நாளைக்கு வேணும்? இல்லேன்னா என்ன கெட்டுப்போகும்?" சென்டரை நடத்தும் டாக்டரம்மாவுக்கும் விலக்கில்லை. "இது என் சென்டர்யா!" என்று அவர் ஒருமுறை சீறினார். "சென்டர் உங்களோடதுதாம்மா. ஃபோல்டர் எதுக்குன்னுதான் கேக்கறேன்."

ஆனால் மரியாதை தெரிந்த மனிதர். யாராவது பாஸ்வேர்டு அடிக்க ஆரம்பித்தால், அவர்கள் உடை மாற்றுவது போலச் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டில் டிவிக்குக்கூட ஆளுக்கொரு கணக்கு. "குக்கருக்கு மட்டும் இன்னும் பாஸ்வேர்டு போடல, அந்த வரைக்கும் புண்ணியம்" என்பது அவர் மனைவியின் கட்சி.

திரையைப் பூட்டாமல் எழுந்து போகிறவர்களுக்கு அவர் தருகிற தண்டனை ஒரு நாய்ப் படம். திரும்பி வந்து பார்த்தால் திரை முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டபடி அது உட்கார்ந்திருக்கும். அதிகம் வாங்கியவர் வரவேற்பு மேசை அக்காதான்.

"திறந்த வீடுன்னா நாய் நுழையத்தான் செய்யும்க்கா."

"நாய் வந்தாலும் பரவால்ல தம்பி, நீங்க வராம இருந்தா சரி."

போன வாரம் ஒரு காலை, களையெடுக்கிறேன் என்று உட்கார்ந்தார். எல்லா உரிமையும் உள்ளவர்களின் குழுவில் வேலையை விட்டுப் போனவர்கள்கூட இருந்தார்கள். மொத்தமாகக் காலி செய்துவிட்டு, வேண்டியவர்களை மட்டும் திரும்பச் சேர்க்கலாம் என்பது திட்டம். காலி செய்தார். சேர்க்கப் போனார். 'இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது கம்ப்யூட்டர். அவர் பெயரும் டாக்டரம்மா பெயரும் அதே குழுவில்தான் இருந்தன. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

"பூட்டு! ஒரு ஸ்கேன் படமும் திறக்கல!" உள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல். வெளியே பெஞ்சில் மணிக்கட்டு வீங்கிய ஒரு சிறுமி அப்பாவின் மேல் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்க்காமல் எலும்பைத் தொட முடியாது. சர்வர் வைத்துக்கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டால், ஆள் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

அப்போது வரவேற்பிலிருந்து அக்கா கேட்டார்: "எனக்கு எல்லாம் திறக்குதே தம்பி, என்ன பிரச்சினை?"

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எப்போதோ ஒரு மதியம், அக்காவின் பிரின்டர் மக்கர் செய்தது. இவருக்கோ அகோரப் பசி. இன்றைக்கு மட்டும் என்று அவரிடம் சொல்லி, குழுவில் சேர்க்காமல் அக்கா பெயருக்கே நேராக எல்லா உரிமையையும் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். எடுக்க மறந்தே போனார். அன்றைக்கு அந்த மூன்று கேள்விகளை அவரிடம் கேட்க ஆள் இல்லை.

வேர்த்து விறுவிறுத்து வரவேற்பு மேசைக்கு வந்து நின்றார். "அக்கா, என் பேரை மறுபடி சேர்க்கணும். நீங்கதான் சேர்க்க முடியும்."

அக்கா சிரித்தபடி மவுஸ் மேல் கையை வைத்துக்கொண்டார். "எதுக்கு வேணும்?"

"அக்கா…"

"எத்தனை நாளைக்கு?"

"இங்க வேலை பார்க்கிற வரைக்கும்."

"இல்லேன்னா என்ன கெட்டுப்போகும்?"

என் மானம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கண் பெஞ்சுக்குப் போயிற்று. "அந்தப் பொண்ணு கைக்கா" என்றார், குரல் இறங்கி.

அக்காவின் சிரிப்பு நின்றது. "சொல்லுங்க, எங்க அமுக்கணும்?"

பாஸ்வேர்டு கேட்டது. அக்கா அடித்தார். அந்த அவசரத்திலும் பூட்டு சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரோடு என்ன பேசுகிறார் என்று சிறுமியின் அப்பா விழித்தார்.

பிறகு அங்கேயே, அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தன் கணக்கில் நுழைந்து வேண்டியவர்களை எல்லாம் சேர்த்தார். கடைசியில் கொஞ்சம் தயங்கினார். "உங்க பேரை எடுத்துடவாக்கா?"

"எடுங்க. ஒரு நாளைக்குன்னுதானே குடுத்தீங்க."

எடுத்தார். "படம் வந்துடுச்சு!" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டதுதான் தாமதம், நாற்காலி சுழலச் சுழல எழுந்து உள்ளே ஓடினார்.

சிறுமியை உள்ளே அனுப்பிவிட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். எதிரே பூட்டு சாரின் கணக்கு, சகல உரிமையோடும் திறந்து கிடந்தது. அக்கா கதவை ஒருமுறை பார்த்தார். நாயைத் தேடியெடுத்துத் திரை முழுக்க உட்கார வைத்தார். அப்புறம் இரண்டு விரல்களால் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கிப் பூட்டினார்.