மீன்தோல் போட்ட கை

பிரேசிலின் ஃபோர்த்தலேசா கடற்கரையில் என் கடைக்கு அடுத்தது, எல்லாரும் மரியாதையாக 'டோனா' என்று கூப்பிடும் ஜுலெய்டியின் மீன்கடை. திலாப்பியா மீனின் தோலை உரித்துப் பூனைக்கு எறிந்துவிட்டுச் சதையைப் பொரிப்பாள். ஒருநாள் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் அதே மீனின் தோலைச் சுத்தம் செய்து புண்ணின்மேல் போர்த்தினார்கள்.

"பூனைக்குப் போடுறதை எனக்குப் போடுறீங்களா?" என்று கத்தினாள்.

"இது மூடியிருந்தா, அடியில உங்க செல்லெல்லாம் பெருகிப் புதுத் தோல் வரும், டோனா," என்றாள் நர்ஸ்.

வந்தது. மீன்தோல் காய்ந்து தானே கழன்றது.

கடைக்குத் திரும்பியவள் இளஞ்சிவப்புக் கையை நெடுநேரம் தடவினாள். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த கணவன் அடெர்பாலைப் பார்த்தாள். பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது ஓடிப்போய், கிழவனானதும் திரும்பி வந்தவன்.

"தேவைப்பட்டப்போ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் போயிடுச்சு. நீ ரெண்டையும் மாத்திச் செஞ்சே."