எதிர்வீட்ல சொல்லுங்க

கடலைக்கொல்லையில் என் கணவரைப் பாம்பு கடித்துவிட்டது. மழையில் கறம்பக்குடிச் சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வரவில்லை. "யாராச்சும் வண்டி கொண்டாங்க, இவருக்குக் கண்ணு சொருகுது" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் அழுதபடி பேசி அனுப்பினேன். சாமியை வேண்டித்தான் பதில்கள் வந்தன.

பிறகு, வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை முறித்துக்கொண்ட எதிர்வீட்டுக்காரர் குழுவில் பொதுவாக எழுதினார்: "யாராச்சும் எதிர்வீட்ல சொல்லுங்க. லோடு ஆட்டோ எடுத்துட்டு வாரேன். குறுக்கு வழியில போயிரலாம்."

வந்தார். கணவரின் தலையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தேன். பள்ளம் வந்தபோது மட்டும், திரும்பாமலே, "தலையைத் தாங்கிப் புடிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். வண்டியில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் கணவர் கண் விழித்ததும் குழுவில் எழுதினேன்: "யாராச்சும் எதிர்வீட்டு அண்ணன்கிட்ட சொல்லுங்க, பொழச்சுட்டாரு."

'அண்ணன்' என்று கை தானாக அடித்திருந்தது. அதை நான் அழிக்கவில்லை.