மதியக் காட்சியில் என் தோஸ்து

அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்து இருக்கையில் மட்டும் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. முதலில் புரை ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். நான் கீழே நின்று கையசைத்து வழி காட்டினேன். இருபது வருடங்களுக்கு மேல் அப்படித்தான். வேலை முடிந்தால் ராயபுரத்தில் ஒரு டீக்கடை. அங்கே ஒருவரை ஒருவர் கலாய்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு பேச்சு தெரியாது. அவனுக்கு நான் மாமு, எனக்கு அவனும் மாமு. அவன் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். சிறுநீரகம் கெட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து அவள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து சில வாரங்களில் அவன் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பா வாயே தொறக்க மாட்டேங்குது. நீங்க எங்கனா இட்டுகினு போங்க."

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சினிமா. தண்டையார்பேட்டையில் மதியக் காட்சிக்குக் கூட்டிப் போனேன். வயதான மூன்று நண்பர்கள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போகும் சிரிப்புப் படம். அவனும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு காட்சி. மூவரில் ஒருவன் ஆபீசில் இருப்பதாக மனைவியிடம் போனில் அளந்துவிடுகிறான். எல்லாம் தெரிந்துகொண்ட அவள், "சாப்டியா?" என்று மட்டும் கேட்கிறாள். கூட்டம் விசிலடித்தது. என் பக்கத்தில் அவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

தோளில் கை போடலாம் என்று கையைத் தூக்கினேன். பாதி வழியில் கூச்சமாகிவிட்டது. அதே கையால் பாப்கார்ன் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் ஒரு பிடி எடுத்து, தின்னாமல் இடைவேளை வரை கையிலேயே வைத்திருந்தான். விளக்கு போட்டதும், "ஏசி ஓவரா கீது மாமு, கண்ணுல தண்ணி" என்றான். ஆமாம் என்றேன்.

திரும்பும்போது என் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தான். திருவொற்றியூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றன. அந்த இரைச்சலில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான்: "நாம டீக்கடைல இருக்க சொல்லோ அவ போன் பண்ணுவா. நான் எடுக்கவே மாட்டேன் மாமு."

நன்றாகவே கேட்டது. போன் அடிக்க அடிக்க அவனைக் கேலி செய்து சிரித்தவன் நான்தான். காதில் விழாதவன் போல, "இன்னா சொன்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வண்டிய பாத்து ஓட்டு."

இப்போது அவன் மீஞ்சூரில் மகள் வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய் அவனைப் பார்க்கிறேன். அன்றைக்கு அவன் சொன்னது எனக்குக் கேட்டது என்பதை இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போகிறேன். அவன் பேத்தியின் குறும்பைப் பற்றிச் சொல்வான், நான் அவன் தொப்பையைக் கிண்டல் செய்வேன், இருவரும் சிரிப்போம். பிறகு அவன் ஸ்டேஷன் வரை கூட நடந்து வந்து, ரயில் நகரும்வரை நின்றுவிட்டுப் போவான்.