மன்னவனூரில் தானாக ஏறாத மாட்யூல்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனை யாரும் நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுவதில்லை. இந்தப் பிழைப்பில் வதைபடும் சகபாவிகளே, உங்களுக்குப் புரியும். கொடைக்கானலில் லினக்ஸ் தெரிந்தவன் என்று பெயர் வாங்கித் தொலைத்த காலத்தில், மன்னவனூர் காய்கறி விவசாயிகள் சங்கத்தில் நான் பட்ட பாடு இது.

லேமினேஷன்

சங்கத்தில் லாரிகளுக்குச் சரக்குச் சீட்டு அடிக்கும் பிரின்டரோடு பேச, லினக்ஸின் அடிமூளையான கெர்னலுக்கு டிரைவர் மாட்யூல் என்ற ஒரு குட்டி புரோகிராம் வேண்டும். மெஷினைப் போட்டதும் அது தானாக ஏற வேண்டும். புது லினக்ஸ் போட்ட அன்று ஏறவில்லை. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதைக் கையால் ஏற்றும் 'மாட்ப்ரோப் எல்பி' என்ற கட்டளையைத் தாளில் எழுதி, தினமும் இதை அடியுங்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்று ஆபரேட்டர் விஜயாவிடம் கொடுத்தேன்.

போனது ஒரு மாதம் கழித்து. தாள் லேமினேஷன் ஆகியிருந்தது. "நீங்க அடுத்த வாரம்னு சொன்னப்பவே தெரியும் சார், தாள் ரொம்ப நாளைக்கு வேணும்னு."

கறவை மாடு

அன்றைக்கே மாட்யூல் தானாக ஏறும்படி கான்ஃபிகரேஷன் ஃபைலில் ஒரு வரி சேர்த்துவிட்டு, ஏறுகிறதா என்று பார்க்காமலே பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் விஜயா போனில், இன்னும் ஏறவில்லை என்றாள். நான் சரிசெய்துவிட்டேன், நீங்கள்தான் எதையோ அழுத்தியிருப்பீர்கள் என்றேன். பாவம், நம்பிவிட்டாள். தன் தப்பு வெளியே தெரியக்கூடாதென்று தாளை டிராயரில் ஒளித்துவைத்து, தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து அந்தக் கட்டளையை அடித்து வைத்தாள்.

ஒருநாள் லீவு போட்டாள். சங்கச் செயலாளர் தானே மெஷினைப் போட்டார். பிரின்டர் அசையவில்லை. சீட்டு இல்லாமல் கேரட் லாரி மத்தியானம்வரை நின்றது. அவர் போனில் பொரிந்தார்: "தம்பி, அந்தப் பிள்ள வந்து தொட்டாத்தான் ஓடுமாம். இது கம்ப்யூட்டரா, கறவ மாடா? வெரசா வந்து பாருங்க. அவ வேணும்னே செஞ்சிருந்தா நாளையிலருந்து அவளுக்கு இங்க சோலி இல்ல."

பழைய ஃபைல்

முதல் பஸ்ஸில் போனேன். நான் சேர்த்த வரி பத்திரமாக இருந்தது, ஆனால் பழைய ஃபைலில். புது கெர்னலுக்கு ஃபைலின் பெயரே மாறிவிட்டது. பழையதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. வெட்கமாக இருந்தது. வரியைச் சரியான ஃபைலில் போட்டு, மூன்று தரம் அணைத்துப் போட்டேன். மூன்று தரமும் பிரின்டர் ஓடியது.

தப்பு என்னுடையது, விஜயாமேல் ஒன்றுமில்லை என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் நம்பாமல் தானே ஒருதரம் அணைத்துப் போட்டு, வந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். விஜயா டிராயரைத் திறந்து தாளை என்னிடம் நீட்டினாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க சார். இனிமே யாரையும் 'நீங்கதான் எதையோ அழுத்தியிருப்பீங்க'ன்னு சொல்றதுக்கு முந்தி ஒருதரம் பாத்துக்கங்க."

அன்றிலிருந்து எந்த மெஷினையும் மூன்று தரம் அணைத்துப் போட்டுப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. அதனால் தவறவிட்ட பஸ்களுக்குத்தான் கணக்கில்லை.