குணநாயகத்தின் முன் பிரேக்

“உனக்குச் சாவு பிரேக் பிடிக்காமத்தான் வரும், பாத்துக்கொண்டிரு!”

பாக்கியரத்தினம் இதைக் கத்தியபோது கையில் ஸ்பனர் இருந்தது. எதிரே நின்றவன் அவனுடைய தங்கச்சி சுலோஜனாவின் புருஷன் குணநாயகம். இடம், லிங்கநகரில் என் வேலிக்கு அடுத்த வளவு. அந்த வளவைத் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தவனே பாக்கியம்தான். ஒரு மூலையில் தகரக் கொட்டில் போட்டு மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தான். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தான் கட்டலாம் என்றிருந்தவனுக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது. வந்த மச்சான் முதல் வேலையாகக் கொட்டிலைக் கிளப்பச் சொன்னான்.

“சீதன வளவுக்க ஒயில் நாத்தம் ஏலாது. ரோட்டில போயிருந்து திருத்து.”

அதற்குத்தான் அந்தப் பதில். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அன்றே கொட்டிலைப் பிடுங்கி என் வளவில் நட்டான். அதன்பிறகு மச்சானும் மச்சானும் கதைபேச்சு இல்லை.

குணநாயகத்திடம் தகப்பன் விட்டுப்போன பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒன்று கடற்காற்றில் கிடந்தது. அதற்குப் பெயின்ட் அடித்து, கோணேசர் கோயிலில் பூசை வைத்து ஓட ஆசைப்பட்டான். முன் பிரேக் இறுகிப்போயிருந்தது. டவுனில் எல்லாக் கராஜும் கையை விரித்தபிறகு சுலோஜனா வேலிக்கு வந்தாள்.

“அண்ணா, உங்களை விட்டா ஆராலும் ஏலாதாம்.”

“ஏன், அவனுக்கு வாயில்லையோ?”

“அவருக்கு வெக்கம்.”

“வெக்கமில்லையடி, கொழுப்பு. சைக்கிளை விட்டிட்டுப் போ.”

எனக்கு ஆச்சரியம். “அவனுக்கோ செய்யப்போறாய்?” என்று கேட்டேன்.

“பிழையாச் செய்தா செத்துப்போவான், மாமி. செத்தவனுக்கு என்ன நோகும்? திறமாச் செய்து குடுத்தா, பிரேக் பிடிக்கிற நேரமெல்லாம் என்னை நினைச்சு வயிறெரிவான். அதுதான் எனக்கு வேணும்.”

பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கிற கலிப்பரைக் கழற்றி, அதன் குழாய்க்குள் காற்றடித்தான். உள்ளே செத்துக் கிடந்த பிஸ்டன் வெடிபோலப் பாய்ந்து, எதிரே வைத்த பலகையைப் பிளந்தது. பிஸ்டன் துருவேறி முழுக்கக் கறள், அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. லேத்தில் கொடுத்துப் புதுசு கடைந்தான். கொழும்பிலிருந்து சீல் எடுப்பித்தான். பெற்றோல் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்று பிரேக் ஒயிலிலேயே கழுவிப் பூட்டினான். குழாயில் நின்ற காற்றை எடுத்து முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு லீவரை அழுத்தச் சொன்னான். கல்லு மாதிரி நின்றது.

குணநாயகம் வந்து சாவிக்குக் கை நீட்டினான். பாக்கியம் சாவியை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை பூசை. குணநாயகம் சைக்கிளில் கோயில் மலைக்கு முன்னே ஏறினான், சுலோஜனா ஓட்டோவில் பின்னே. பூசை முடிந்து, கழுத்தில் மாலையும் ஹாண்டிலில் தொங்கிய ஹெல்மெட்டுமாக இறங்கினவன், பள்ளத்தில் பிரேக் பிடிக்காமல் பாய்ந்து, மலையடிக் கோட்டை வாசல் கல்லில் அடிபட்டுச் செத்தான்.

பொழுது சாயமுன்னமே, பாக்கியம் சொன்னதைச் செய்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பாதி கழற்றிக் கிடந்த சைக்கிள்களைக்கூட ஆட்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். பொலிஸ் கூட்டிப்போய் விசாரித்தது. அவன் பிரேக் போட்டால் நிற்கும் என்ற பெயரைத் தவிர அவனுக்கு வேறு சொத்து இல்லை.

பொலிஸ் வளவில் நொறுங்கி நின்ற சைக்கிளின் முன் பிரேக் தட்டில் விரலை வைத்து மூக்கில் மணந்து பார்த்திருக்கிறான். அங்கிருந்து நேரே செத்தவீட்டுக்கு வந்தான். பெட்டி நடுவீட்டில் இருந்தது. குணநாயகத்தின் தாய் புஸ்பராணி, “கொலைகாரா!” என்று எழும்பினாள். அவன் அவளைப் பார்க்கவேயில்லை.

“சுலோ, கோயிலில சைக்கிளைத் துடைச்சனியோ?”

“ஓம் அண்ணா,” என்றாள் அவள், அழுதழுது. “மேல உப்புக் காத்தெல்லே. அந்த மினுங்கிற தட்டுக் கறள் பிடிச்சிடும் எண்டு, விளக்குக்குக் கொண்டுபோன தேங்காயெண்ணெயை நல்லாப் பூசிவிட்டனான்.”

“எல்லாரும் கேட்டியளோ? எண்ணெய் பட்டா பிரேக் வழுக்கும். நான் கொல்லேல்லை. இவள்தான் கொன்றவள்.”

அவள் அழுகை அப்படியே நின்றது. கிழவி திரும்பி, மருமகளின் தலைமயிரைப் பிடித்தாள். பாக்கியம் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

வெளியே மறித்து நாக்கைப் பிடுங்குகிறமாதிரிக் கேட்டேன்: “சாவி குடுக்கேக்க, தட்டில எண்ணெய் படக்கூடாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னா உன்ர வாய் அழுகிப்போயிடுமோ?”

“கதைபேச்சு இல்லையே, மாமி,” என்றான்.

சைக்கிள்கள் திரும்பி வந்தன. இப்போது கொட்டிலில் இடமில்லை. சுலோஜனாவை ஒழுங்கையில் எண்ணெய்க்காரி என்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் செலவுக்கு அவளிடம் ஒன்றும் இல்லை. நொறுங்கிய ஹொண்டாவை விற்கப் போட்டபோது, செத்தவன் ஓடின சைக்கிள் என்று ஒருவரும் கிட்ட வரவில்லை. பாக்கியம்தான் வாங்கினான். திருத்தி நிமிர்த்தினால் மூன்று லட்சத்துக்குப் போகும் என்று அவனே என்னிடம் சொன்னான். தங்கச்சி கையில் அவன் வைத்தது இருபத்தையாயிரம்.