மேகம் குறைவதாகச் சொன்னவள்

பாலக்கரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேக் மைதீனின் மகள் அஃப்ஷீன், மேகங்களை ஆராய்பவள். மேகத்தில் பட்டு எவ்வளவு வெயில் வானத்துக்கே திரும்பிப் போகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. திருச்சிக் கல்லூரி ஒன்றில் பேராசிரியை அக்னஸிடம் சேர்ந்தபோது, அவள் முன் இரண்டு செயற்கைக்கோள்களின் படங்கள் இருந்தன. ஒன்று, வானில் நின்ற இடத்திலேயே நின்று அரை மணிக்கொரு தடவை எடுப்பது. படம் அத்தனை தெளிவில்லை. மற்றது பூமியைச் சுற்றி வந்து காலையில் ஒரே ஒரு தடவை திருச்சியைக் கடப்பது; துண்டு மேகம்கூடத் துல்லியமாகத் தெரியும். அந்தத் தெளிவில் மயங்கி இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

வந்த முடிவு அவளைத் திகைக்க வைத்தது. வருடத்துக்கு வருடம் மேகமும் குறைந்தது, திரும்பிப் போகும் வெயிலும் குறைந்தது. ஸ்ரீரங்கத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் அதைச் சொன்னாள். பச்சைமலையிலிருந்து வந்திருந்த, மழையை நம்பிச் சாமை விதைக்கும் அழகர்சாமி, அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டு, தன்னுடையதையும் கொடுத்துவிட்டு வாடிய முகத்தோடு பஸ் ஏறினார்.

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன், படங்கள் எடுக்கப்பட்ட நேரத்தையும் எழுதச் சொன்னார் அக்னஸ். காலை பத்தரை என்று எழுதியவள், எதற்கும் பார்த்துவிடலாமென்று கோப்புகளைத் திறந்தாள். பழைய படங்களில் பத்தரை. கடைசி வருடப் படங்களில் ஒன்பதை ஒட்டிய நேரம். எரிபொருள் தீர்ந்துவந்ததால் செயற்கைக்கோளின் பாதையைத் திருத்துவதை நிறுத்தியிருந்தார்கள். அது வருடந்தோறும் கொஞ்சம் முன்னதாகவே வந்து போயிருக்கிறது. வெயில் ஏறிய பிறகுதான் இங்கே மேகம் திரளும். மேகம் குறையவே இல்லை. அது திரள்வதற்கு முன்பே படம் எடுத்தாகிவிட்டது.

அஃப்ஷீன் அக்னஸின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்த அக்னஸ் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். இதை ஆரம்பத்திலேயே தானும் கேட்டிருக்க வேண்டும் என்றார் கடைசியில்.

சாயங்காலம் அழகர்சாமிக்குப் போன் செய்தாள்.

“ஐயா, மேகம் குறையுதுன்னு நான் சொன்னது தப்புங்க. படம் எடுத்த நேரம் மாறினதைக் கவனிக்காம விட்டுட்டேன்.”

அழகர்சாமி மெதுவாகச் சொன்னார். “அதை நம்பித்தான் இந்த வருஷம் சாமை போடலைங்கம்மா. மழை நல்லா பேஞ்சுது. கொல்லை சும்மா கெடக்கு.”

தன் பேச்சை நம்பி ஒருவர் நிலத்தைத் தரிசாகப் போடுவார் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்டாள். அவர் திட்டவில்லை; அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த வருடம் முழுக்க, தெளிவு குறைந்த அந்த அரைமணிப் படங்களை வைத்துக் கணக்கைப் புதிதாகப் போட்டாள். மேகம் குறைந்ததற்கான தடயமே அதில் இல்லை. ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் மறுபடி பேச வாய்ப்புக் கேட்டு வாங்கி, முதல் வாக்கியமாகத் தன் தவறைச் சொன்னாள். அழகர்சாமி வந்திருக்கவில்லை. இந்த முறை சாமை விதைத்திருக்கிறார் என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்.