பூண்டில் நின்ற பேச்சு

பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் முதல் இழுப்பைத் தானே இழுத்துப் பார்ப்பாள் ஜுமானா. அபினியும், குரோசாணி ஓமம் என்ற மயக்க மூலிகையின் சாறும் ஊறிக் காய்ந்த கடற்பஞ்சு அது. வெந்நீரில் நனைத்து, அறுவைக்குப் படுத்தவருக்கு முகரக் கொடுத்தால் கத்தி படுவது தெரியாது. கெய்ரோவில் கன்னார் தெருவை ஒட்டிய அந்த மருத்துவமனையில் அவளைவிட அதிகம் கொட்டாவி விடுகிறவர் கிடையாது. பெருமையடிப்பதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. "என் பஞ்சுல படுத்தவன் எந்திரிக்காம இருந்ததில்ல. வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட பேச்சு வாங்க வேணாமா?" என்பாள்.

படுப்பவரிடம் ஒன்றுதான் கேட்பாள்: உங்கள் வீட்டில் எந்தக் குழம்பு ருசி, எப்படிச் செய்வீர்கள்? சுல்தானே படுத்தாலும் இதே கேள்விதான். நாக்குக் குழறிப் பேச்சு நின்றதும் அறுவை மருத்துவர் தமீம் கத்தியை எடுப்பார். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து சமையலை முடிக்க வேண்டும். முடித்தால்தான் இடுப்பில் செருகிய பஞ்சை எடுத்துச் சன்னலோர ஆணியில் மாட்டுவாள்.

போன வாரம் ஆற்றுத்துறைச் சுமைதூக்கி கல்பூன் அழுகிய விரலோடு வந்தான். முயல்கறிச் சாற்றில் முலூகியாக் கீரையைப் போடுவதுவரை சொல்லிவிட்டு, பூண்டு என்றவன் அப்படியே உறங்கினான். விரலை எடுத்துக் கட்டுப் போட்டாயிற்று. ஆள் எழவில்லை. மயக்கம் தெளியக் காடியில் நனைத்த துணியை மூக்கில் வைத்தும் அசைவில்லை. மூச்சு மெலிந்துகொண்டே வந்தது.

வாசலில் நின்ற தம்பி ஸுபைர் அப்போதுதான் அழுதுகொண்டே உண்மையைக் கக்கினான். பயத்தில் கை நடுங்குவதைக் கண்டால் துறையில் கேலி செய்வார்களே என்று, வரும் வழியிலேயே அண்ணன் ஓர் அபினி உருண்டையை விழுங்கியிருந்தானாம்.

ஜுமானாவுக்கு அவனைத் திட்டக்கூட நேரமில்லை. உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தபடி தமீம், "நிறுத்தாத, பேசிக்கிட்டே இரு" என்றார். அவளும் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசினாள், கெஞ்சினாள், பாடினாள். எதற்கும் கல்பூன் மசியவில்லை. கடைசியில் அவன் காதருகே குனிந்தாள்.

"சரி தம்பி, நானே முடிச்சிடுறேன். பூண்டெல்லாம் எதுக்கு? முலூகியாவுல ரெண்டு கரண்டி தேன ஊத்தி எறக்கிடுவோம்."

இமை துடித்தது.

"தேனா... எங்கம்மா காதுல விழுந்தா ஒன்னய அடிப்பா. பூண்டு, அக்கா... கொத்தமல்லியோட நெய்யில செவக்கணும்."

"அப்புறம்?"

"கீரைல கொட்டி... மூடணும்."

"அப்புறம்டா?"

"எறக்கித் திங்கணும்."

தமீம் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜுமானா எழுந்தாள். இடுப்பிலிருந்த பஞ்சை உருவி ஆணியில் மாட்டினாள்.